விரதம் இருந்த மண்புழுக்கள்

செண்டாயானில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் குமுதவல்லி, செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதனை செய்தவர். நகத்தைவிடச் சிறிய தகடுகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கி வைக்கும் வேலை. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் கண்ணுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. கோயில் அன்னதானத்துக்கு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் நறுக்கியதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். அதனால் அவர் பக்கத்தில் யாரும் விரும்பி உட்காருவதில்லை.

கணவர் வீரமுத்து, புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். போன வருடம் லோரியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளில் குமுதவல்லி முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தார். இவர் எழுந்து நடந்தால், அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பது. குடத்துக்குச் சாத்தும் மாலை, தன் வீட்டு மண்ணில் தானே வளர்த்த பூவால் கட்டியதாக இருப்பது. வீரமுத்து எழுந்து நடந்தார். பால்குடத்தோடு நிறுத்தியிருந்தால் முருகன் வேண்டாமென்றா சொல்லியிருப்பார் என்று நடக்க ஆரம்பித்த முதல் வாரமே கிண்டலும் செய்தார்.

சிக்கல் மண்ணில்தான் இருந்தது. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, குன்றை வெட்டி எழுப்பியது. மேல்மண் முழுவதும் லோரியில் போய்விட்டது. மிச்சம் இருப்பது செங்காவிக் களி. தோண்டினால் செங்கல் துண்டு வரும், சிமெண்டுக் கட்டி வரும், ஒருமுறை பாதிச் செருப்பு வந்தது. ஊற்றிய தண்ணீர் தட்டில் நிற்பதுபோல் நிற்கும். ஜூலையில் குமுதவல்லி நட்டுப் பார்த்த செண்டுமல்லிக் கன்றுகள் விரல் உயரத்தில் நின்றுவிட்டன. வீரமுத்து இரக்கப்பட்டு ஒரு மூட்டை கோழி எரு வாங்கி வந்தார். சாமி மாலைக்குக் கோழியா என்று கேட்டு அந்த மூட்டையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் அம்மையார்.

அப்படித்தான் மண்புழு வந்தது. புக்கிட் பெலண்டோக்கில் ஒருவரிடம் இரண்டு கை நிறையச் சிவப்புப் புழு வாங்கினார். அடியில் துளை போட்ட மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக, கார் நிறுத்தும் இடத்தின் நிழலில் அடுக்கினார். கிழித்த அட்டை, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, அவற்றோடு மாவாக இடித்த முட்டை ஓடு. ஈரம் எவ்வளவு வேண்டும் என்றால், கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வர வேண்டும். இரண்டாவது சொட்டு வரக் கூடாது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய தொழிற்சாலை தெரியும்.

நவம்பரில் முதல் உரம் கிடைத்தது. காப்பித்தூள் போலக் கறுப்பாக, மழை விட்ட தரையின் வாசனையோடு இருந்தது. நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் என்று கலந்து, கல் பொறுக்கி, இருபத்துநாலு கன்று நட்டார். இந்த முறை மண் தண்ணீரைக் குடித்தது. செடிகள் மூன்று வாரத்தில் முழங்காலைத் தொட்டன. மொட்டு வைக்கும் நேரத்தில் இன்னொரு முறை உரம் போட வேண்டும். அதற்கு அடிப்பெட்டியில் இருப்பது ஜனவரியில் தயாராகிவிடும் என்பது அவர் கணக்கு.

டிசம்பர் நடுவில் விரதம் தொடங்கியது. நாற்பத்தெட்டு நாள். மீன், கோழி, முட்டை எல்லாம் வீட்டை விட்டுப் போயின. முட்டை ஓட்டுத்தூள் இருந்த போத்தலையும் குமுதவல்லி பக்கத்து வீட்டு மயூரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அப்படியானால் புழுக்களும் விரதமா என்று வீரமுத்து கேட்டார்.

"இந்த வீட்ல இருக்கிற எல்லா வாயும் விரதந்தான்" என்றார் குமுதவல்லி.

விரதச் சமையல் என்றால் சாம்பார், ரசம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம். கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை, எலுமிச்சைத் தோல், தக்காளிக் காம்பு என்று எல்லாம் பெட்டிக்குள் போயின. முட்டை ஓடு அங்கே இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. பல் இல்லாத புழுவின் வயிற்றில் இரையை அரைக்க உதவுவது ஒன்று, பெட்டியின் புளிப்பை அடக்குவது இன்னொன்று. ஓட்டை நிறுத்திவிட்டுப் புளியை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர் யோசிக்கவில்லை. பக்தி வந்தால் அப்படித்தான்.

ஜனவரி முதல் வாரம், ஒரு காலையில் வீரமுத்து செருப்புக்குள் காலை விட்டார், உடனே வெளியே எடுத்தார். உள்ளே இருந்ததை ஒரு தாளில் ஏந்திக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனார்.

"குமுதா, ஒருத்தருக்கு விரதம் தாங்கல. வீட்ட விட்டு ஓடி வந்துட்டாரு."

பெட்டியைத் திறந்தபோது மோர் கெட்ட நாற்றம் அடித்தது. புழுக்கள் கீழே போகாமல் மூடியின் உள்பக்கம் கொத்தாகத் தொங்கின. குமுதவல்லி சிரிக்கவில்லை. செடிகளில் மொட்டு பட்டாணி அளவில் நின்றிருந்தது, அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. புழு போனால் உரம் இல்லை. உரம் இல்லையென்றால் பூ இல்லை. அன்றே புளிச்சக்கையைப் பொறுக்கி எடுத்தார், காய்ந்த அட்டையைக் கிழித்துப் போட்டார். ஆனாலும் புழுக்கள் இறங்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடலாமா என்று யோசித்து, அது புழுவின் தோலைச் சுட்டுவிடும் என்று விட்டார். முட்டை ஓடுதான் வழி. அதை வீட்டுக்குள் கொண்டுவர வழியில்லை. இரண்டு நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பூக்கடையில் வாங்கிக்கொள்ளலாம், முருகன் ரசீது கேட்கமாட்டார் என்று வீரமுத்து சொல்லிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு பார்வை மட்டும்.

மயூரி பள்ளி ஆசிரியை, இலங்கைத் தமிழர், கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்கு உறவு முழுவதுக்கும் கேக் சுடுபவர். குமுதவல்லி முன்பே சொல்லி வைத்திருந்ததால், அந்த முட்டை ஓடெல்லாம் ஒரு வாளி நிறையச் சேர்ந்து கிடந்தது.

"பெட்டியள இங்கால தாங்கோ அக்கா" என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து. "எங்கட வீட்டில விரதம் இல்லைத்தானே."

குமுதவல்லி கொஞ்சம் யோசித்தார். பிறகு வீரமுத்துவும் மயூரியும் மூன்று பெட்டிகளையும் சுவர் தாண்டி இறக்கினார்கள். குமுதவல்லி எதையும் தொடாமல் இந்தப் பக்கம் நின்று மேற்பார்வை பார்த்தார். ஓட்டைக் கழுவ வேண்டும், வெயிலில் காய வைக்க வேண்டும், மாவாக இடிக்க வேண்டும். மயூரி இடித்ததை எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இடிக்கலாம் என்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் போடும் டீச்சர், தானும் ஒருமுறை பரீட்சை எழுதினார்.

ஐந்தாம் நாள் நாற்றம் போனது. புழுக்கள் கீழே இறங்கின. அடுத்த வாரம் அடிப்பெட்டி உரம் ஒரு வாளியில் சுவர் தாண்டித் திரும்பி வந்தது. அப்போதுதான் வீரமுத்து கேட்கக் கூடாததைக் கேட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாலு வாரமாக மனிதர் மீன் வாசனை பார்க்கவில்லை.

"முட்டை ஓட்டத் தின்ன புழு போட்டது சைவமா, அசைவமா?"

கையில் வாளியோடு குமுதவல்லி நின்றுவிட்டார். மயூரியும் இடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார். குமுதவல்லி வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தொழிற்சாலையில் பிரிவுபசாரத்துக்குக் கொடுத்த பூதக்கண்ணாடியும் ஒரு குறடும் இருந்தன. கார் பக்கத்தில் மேசை போட்டு, நாளிதழ் விரித்து, உரத்தைப் பிடி பிடியாகப் பரப்பினார். வெள்ளைப் புள்ளி ஒன்று விடாமல் குறடால் எடுத்து ஒரு சாசரில் போட்டார். இரண்டு பிற்பகல் அந்த வேலை நடந்தது. சாசர் சுவர் தாண்டிப் போனது.

"ஓடு அங்க போயாச்சு, உரம் இங்க இருக்கு" என்றார். "நான் பார்க்கிறது வெளிய வர்ற சரக்க. புழு வயித்துக்குள்ள என்ன நடந்துச்சுங்கிறது வேற டிபார்ட்மெண்டு. அத முருகன் பார்த்துக்குவாரு."



செடிக்கு ஒரு கைப்பிடி, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. லேசாகக் கிளறி, சருகால் மூடி, தண்ணீர் தெளித்தார். பத்து நாளில் மொட்டுகள் பருத்தன. பூசத்துக்கு முந்தைய நாள் பிற்பகலில் தாம்பாளம் இரண்டு நிறையப் பூ வந்தது. வீரமுத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, குமுதவல்லி கட்டினார். ஒரு பூவில் ஏதோ பூச்சி இதழ் ஓரத்தைக் கடித்திருந்தது. வீரமுத்து அதைத் தனியே வைக்கப் போனார். குமுதவல்லி அவர் கையிலிருந்து வாங்கி மாலையில் சேர்த்துக் கட்டினார். மூன்று முழம் வந்தது.

மறுநாள் ஊர்வலத்தில் வீரமுத்து பக்கத்திலேயே நடந்தார். அன்று அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. குமுதவல்லி எப்போதும் வேகமாக நடப்பவர். அன்று பால்குடம் எடுத்தவர்களிலேயே கடைசியாகத்தான் கோயிலுக்குள் போனார். குடம் கனமா என்று மயூரி பிறகு கேட்டதற்கு, அவருக்கு மூச்சு வாங்கக் கூடாதே என்றார்.

மூன்றாம் நாள் இடும்பன் பூசையோடு விரதம் முடிந்தது. பெட்டிகள் வீடு திரும்பின. மறுநாள் காலையில் வீரமுத்து தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முட்டைப் பொரியலுக்காகக் காத்திருந்தார். குமுதவல்லி இரண்டு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றினார். ஓட்டைக் குழாயடியில் கழுவி, வெளியே போய் வெயில் விழும் இடம் பார்த்துக் காய வைத்தார். திரும்பும் வழியில் ஒரு நிமிடம் நின்று பெட்டியின் மூடியைத் தூக்கிப் புழுக்களை நலம் விசாரித்தார். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தார்.