சாந்தினிக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்

வெளிமாநிலத்தில், வானவடி பக்கம் நான் வேலை பார்த்த ரைடிங் கிளப்பின் முதலாளி, ஒரு குதிரையின் கண்ணைப் பறித்தவர். அவரைக் கேட்டால் விபத்து என்பார்.

ஈர வைக்கோல், மூத்திரம், ஊறவைத்த கொண்டைக்கடலை... காலையில் லாயத்துக் கதவைத் திறந்ததும் இந்த மூன்றும் கலந்து முகத்தில் அடிக்கும். காலேஜ் முடித்து வேலை கிடைக்காமல் இருந்த வருடம் அது. குழந்தைகளைக் குதிரையில் உட்காரவைத்துச் சுற்றிவரும் வேலைக்குச் சேர்ந்தேன்.

சாந்தினி வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து, பயத்தில் வெறிபிடித்துப்போய், மலிவாகக் கிளப்புக்கு வந்தவள். மூக்குத்தண்டில் சங்கிலி அறுத்த தழும்பு. கையைத் தூக்கினாலே காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருவாள்.

"இவளை வழிக்குக் கொண்டுவந்தா கல்யாணத்துக்கு அனுப்ப மாட்டீங்களே சார்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"பிராமிஸ். இவ இனிமே குழந்தைங்களுக்கு மட்டும்தான்," என்றார்.

அதை நம்பித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் அவளைத் தொடவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றேன். அவளாக வந்து என் தோளை மோந்து பார்க்கும்வரை. பிறகு கழுத்தில் உள்ளங்கை. அவள் விலகினால் கையை எடுத்துவிடுவேன். கயிற்றை இழுத்ததே இல்லை. பிளாஸ்டிக் பை சத்தம், தகர டப்பா சத்தம் எல்லாம் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினேன்.

ஒவ்வொரு முறையும் ஒரே சொல். "இரு."

வீட்டில் பேசுகிற தமிழ், யோசிக்காமல் வாயில் வந்தது. நம் ஆட்கள் 'இரு' என்றால் நில் என்று மட்டும் அர்த்தம் இல்லையே... நான் இருக்கிறேன், உனக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அதில் இருக்கிறது. சாந்தினிக்கு அந்தப் பாதிதான் முதலில் புரிந்தது. 'இரு' என்றதும் தலையைத் தாழ்த்தி, உதட்டைச் சப்பிக்கொண்டு, பெருமூச்சு விடுவாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு. "உந்தம்பிக்கு ஒரு வரி தமிழ் படிக்க வரல. நீ குதிரைக்கு வகுப்பு எடுக்கிறியாம்மா?"

லாயத்தில் வேலை பார்த்த பாண்டுரங்குக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. "ஏ மத்ராசி, உன் சொந்தக்காரி வந்திருக்கா பாரு," என்று இந்தியில் என்னை வம்புக்கு இழுத்துவிட்டு, அவளிடம் "இர்ரு, இர்ரு" என்பான். சாந்தினி நிற்பாள். அது தமிழ் என்று அங்கே யாருக்கும் தெரியாது. குதிரைகளுக்கான ஏதோ கட்டளை என்றே நினைத்தார்கள். முதலாளியும் கற்றுக்கொண்டார்.

கல்யாண சீசன் வந்தது. நகரத்தில் வெள்ளைக் குதிரைக்குத் தட்டுப்பாடு. ஒருநாள் காலையில் போனபோது சாந்தினி சுவரைப் பார்த்து நின்றாள். நெற்றியில் ஜரிகை ஒட்டியிருந்தது. இடது கண் வீங்கி மூடி, நீர் வடிந்துகொண்டிருந்தது.

பாண்டுரங் தரையில் உட்கார்ந்திருந்தான். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்கள் சாந்தினியின் காலடியிலேயே சரவெடியைப் பற்றவைத்தார்களாம். அவள் பின்வாங்கினாள். மிரண்டு ஓடியிருந்தால் தப்பித்திருப்பாள். மாப்பிள்ளை விழுந்தால் விழட்டும். ஆனால் கூட வந்த முதலாளி அந்தச் சொல்லைச் சொல்லும்படி இந்தியில் கத்தினார்: "பாண்டு, இர்ரு போல்!"

பாண்டு சொன்னான்.

"நின்னுட்டா," என்றான் என்னிடம். "தலையைக் குனிஞ்சு நின்னா. வெடி முகத்துலயே வெடிச்சுது. நகரவே இல்ல. நீ அவ்ளோ நல்லாப் பழக்கியிருக்க."

அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை. பாராட்டினான்.

டாக்டர் கண்ணைக் காப்பாற்ற முடியாது என்றார். முதலாளி, கயிற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பாண்டுரங்கை வேலையை விட்டு அனுப்பினார். பழிபோட ஒரு ஏழை எப்போதும் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறான். நான் கிட்டப் போய் அந்தச் சொல்லைச் சொன்னதும் சாந்தினியின் தோல் முழுக்க நடுங்கியது. அதன் பிறகு நான் அவளிடம் எதுவுமே பேசவில்லை. புல்லை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டுத் திரும்பியபோது அவள் இடத்தில் சிமெண்ட் மூட்டைகள். "நல்ல இடத்துக்குப் போயிருக்கா," என்றார் முதலாளி. அன்றே வேலையை விட்டேன்.

இப்போது எனக்கு ஐடி வேலை, நிக்டியில் வீடு. போன மாதம் ஆபீஸில் எங்களை லீடர்ஷிப் டிரெய்னிங் என்று ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். குதிரைகளை வைத்துத் தலைமைப் பண்பு கற்றுத்தருவார்களாம். மைக்கைப் பிடித்து நின்றவர் அந்தப் பழைய முதலாளிதான். தலைக்குச் சாயம் பூசியிருந்தார்.

"குதிரை தன் லீடரை நம்பிட்டா நெருப்புக்கு நடுவுலயும் நிக்கும். உங்க டீமும் அப்படி நிக்கணும்."

கைதட்டினார்கள். என் மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று லாயத்தில், வேறு வேலை கிடைக்காத ஒரு பெண்ணாக, அவர் சொன்னதற்கெல்லாம் "சரி சார்" என்றவள் நான். இன்று என்னைப் போன்றவர்களுக்குப் பாடம் எடுத்துத்தான் அவர் பிழைக்கிறார். எழுந்து நின்று கேட்டேன்.

"சாந்தினியை எங்க வித்தீங்க சார்?"

என்னை அடையாளம் தெரிந்துவிட்டதை அவர் கண்ணில் பார்த்தேன். "டீ பிரேக்," என்றார்.

பின்னாலேயே போனேன். டீக்கோப்பையை எடுத்து என் மேனேஜரிடம் நீட்டி, சர்க்கரை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன்.

"வாங்கினவன் பேரு வேண்டாம். ஊரை மட்டும் சொல்லுங்க. நான் போய்த் தேடிக்கிறேன்."