மூன்று சரி, ஒன்று பிழை

வார நாட்களில் சிவப்பிரியா ஜெர்மனியின் எசன் நகரில் ட்ராம் ஓட்டுகிறாள். ஞாயிறுகளில் சிறுவர் பேஸ்போல் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறாள். ஏழு வருடம் நின்ற பிறகு, இந்த ஆண்டுதான் பேஸ்போல் சங்கத்தார் மாநில இளையோர் இறுதியாட்டத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அதில் இரண்டு, மூன்று தடவை நின்றாயிற்று. கேட்டால், உங்கள் முறை இப்போதுதான் வந்தது என்றார்கள்.

இறுதியாட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு சாதாரண ஆட்டம். எசன் அணிக்குப் பந்து வீசியவள் ஆதிரை, பதின்மூன்று வயது. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகாமல், இடுப்பளவில் பக்கவாட்டாகச் சுழற்றி எறிவாள். எதிரணிப் பயிற்சியாளர் லூட்கெர் மூன்று தடவை மைதானத்துக்குள் வந்து, அது விதிமீறல் என்றார். மூன்று தடவையும் சிவப்பிரியா மறுத்தாள். கை எந்த உயரத்தில் வரவேண்டும் என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. வீசுபவரின் கால், தரையில் பதித்த வீச்சுப் பலகையில் இருக்க வேண்டும். தளங்களில் ஓட்டக்காரர் இருந்தால், இரு கைகளையும் உடலுக்கு முன்னால் சேர்த்து, முழுதாக அசைவற்று நின்ற பிறகே எறிய வேண்டும். ஆதிரையின் கால் பலகையில் இருந்தது. அவள் நின்றுதான் எறிந்தாள்.

மூன்றாம் தடவை லூட்கெர் விதியை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார்.

"அவள் உங்கள் ஆள். உதவத்தான் செய்வீர்கள். சங்கத்துக்கு எழுதுகிறேன். இறுதியாட்டத்துக்கு வேறு நடுவர் வரட்டும்."

இதையேதான் ஆட்டத்துக்கு முன்பு ஆதிரையின் தகப்பன் புவனேந்திரனும் நம்பிக்கொண்டு வந்து கேட்டிருந்தார்.

"தங்கச்சி, எங்கடை பிள்ளை. கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ."

"அண்ணை, நான் அவவின்ரை காலைத்தான் பாப்பன்," என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தாள்.

கடைசிப் பகுதி, எதிரணி அடிக்கும் முறை, ஓட்டங்கள் நாலுக்கு நாலு. எதிரணி ஓட்டக்காரன் மூன்றாம் தளத்தில். ஆதிரை பதறினாள். கைகள் சேர்ந்த அதே வேகத்தில் பந்து பறந்தது, நிற்கவே இல்லை. சிவப்பிரியா கையை உயர்த்தி "போல்க்" என்றாள். வீச்சு செல்லாது, ஓட்டக்காரனுக்கு ஒரு தளம் இலவசம். மூன்றாவதுக்கு அடுத்த அந்தத் தளத்தைத் தொட்டால் ஓர் ஓட்டம்; அதுதான் வெற்றி. ஆட்டம் முடிந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து புவனேந்திரன் கத்தினார்.

"வெள்ளைக்காரனுக்குப் பயந்து எங்கடை பிள்ளைக்கே குழி பறிச்சுப்போட்டியள்."

லூட்கெர் சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"இன்று உங்கள் நேர்மையை நிரூபித்துவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள்."

நிரூபிப்பதா? தன் மகன் ஆடும் ஆட்டத்துக்கே நடுவராக நிற்கும் தகப்பன்மார் லூட்கெரின் கழகத்தில் எத்தனை பேர்! அவர்களில் எவனிடம் இந்தச் சான்றிதழைக் கேட்டார்கள்? தன் இனப் பிள்ளையைத் தோற்கடித்தால்தான் ஒரு தமிழச்சி நேர்மையானவள் என்றால், அது அவமானமேயன்றிப் பாராட்டு அல்ல.

அவள் அந்தக் கையைத் தொடவில்லை.

"முதல் மூன்றும் சரியா, பிழையா?"

அதெல்லாம் முடிந்த கதை என்றார் அவர்.

"முடியவில்லை. எழுதுங்கள். நான்கையும் சேர்த்து எழுதுங்கள்."

அவர் எழுதவில்லை. அவளே ஆட்ட அறிக்கையில் எழுதினாள்: நான்கு முடிவுகளையும், 'அவள் உங்கள் ஆள்' என்ற சொல்லையும், புவனேந்திரன் கேட்டதையும்.

பத்து நாளில் சங்கத்தின் பதில் வந்தது. நான்கு முடிவுகளும் விதிப்படி சரி. ஆயினும், அமைதி கருதி இறுதியாட்டத்துக்கு வேறொருவர். அமைதியைக் கெடுத்தவருக்கு ஒரு வரிக் கண்டனம் இல்லை. சரியாகச் செய்தவளுக்குத்தான் தண்டனை. கோழைத்தனத்துக்கு முத்திரை குத்தி, அமைதி என்று பெயர் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

அன்றே மறுபரிசீலனை கேட்டு அன்ட்ராக் என்ற முறையான மனுவை எழுதினாள். அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டியிருந்தது. புவனேந்திரன் முகம் கொடுக்கவில்லை. ஆதிரை ட்ராம் தரிப்பிடத்துக்குத் தானே வந்து, தாளை வாங்கி, ஜெர்மனில் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு தமிழில் சொன்னாள்:

"மூண்டு தரமும் நிண்டனான், அக்கா. கடைசித்தரம் நிக்கேல்லை. ரெண்டையும்தான் எழுதியிருக்கிறன்."