பாவு நனைச்ச உலை

எனக்கு இந்தப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கையே கிடையாது சார், புனே கேம்ப்ல எங்க வீடு கல்லறைக்கு எதிர்ல, சின்ன வயசுல அங்க தான் கிரிக்கெட்டே ஆடுவோம். சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிடுங்க.

எண்பதுகள்ல கசார்வாடியில ஒரு ஒர்க்‌ஷாப்ல இருந்தேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சுற உலைக்கு உள்பக்கமா செராமிக் ஃபைபர் போர்வை அடிக்கிற வேலை. புதுசுல பஞ்சு மெத்தை மாதிரி வெள்ளையா இருக்கும், உடம்பு அரிக்கும், அவ்வளவு தான். ஆனா வருஷக்கணக்கா சூட்டுல வெந்ததைப் பிச்சு எடுத்தா அப்பளமா நொறுங்கி உலை முழுக்கப் பொடி பறக்கும். மாஸ்க்கா? அதெல்லாம் யாரு கண்டா! வேலை முடிஞ்சா ஆளுக்கொரு வெல்லக்கட்டி, அது தூசியை இழுத்துட்டுப் போயிடும்னு எல்லாருக்கும் நம்பிக்கை.

எனக்கு ஜோடியா வேலை பாத்தவர் ஒரு மராட்டிக்காரர். நான் அவரை பாவும்பேன், அவர் என்னை அண்ணாம்பார், ரெண்டும் ஒண்ணு தான். "கூள் கா, அண்ணா", வெல்லம் தின்னுன்னு சொல்லி, தன் பங்குலயும் பாதி உடைச்சு என் கையில வைப்பார், அவ்வளவு பாசம். ரெண்டு குட்டி இருமல், அப்புறம் ஒரு நீள இருமல், அது தான் அவர் வர்ற சத்தம். கடைசியில அந்த இருமலே அவரைக் கொண்டு போயிடுச்சு.

அவர் போன கொஞ்ச நாள்ல, ஒரு பழைய உலையைப் பிரிக்க நான் மட்டும் உள்ள இறங்கினேன். மத்தியானம், நல்ல வெயில். வீட்டுல ஸ்டெல்லா முழுகாம இருக்கா, எனக்கும் அப்பத் தான் இருமல் ஆரம்பிச்சிருந்தது, நமக்கும் பாவு கதி தானோன்னு உள்ளுக்குள்ள ஒரே பயம். கையை வெச்சேன், முதுகுக்குப் பின்னாடி ரெண்டு குட்டி, ஒரு நீளம். திரும்பினா யாருமில்ல. மறுபடி கையை வெச்சேன், இந்தத் தடவை காது பக்கத்துலயே. விழுந்தடிச்சு வெளிய ஓடி, பக்கத்துக் கடையில ஒரு டீயைக் குடிச்சிட்டு, பட்டப்பகல்ல என்னடா பயம்னு திரும்பிப் போனா, நம்புனா நம்புங்க, உலை உள்பக்கம் மேலயும் கீழயும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. அன்னிக்கு ஷெட்டுல குழாய்ல தண்ணியே வரல சார், ட்ரம்மும் காலி. பிச்சா ஈரத்துணி மாதிரி முழுசு முழுசா கையோட வருது, ஒரு பொட்டுத் தூசி பறக்கல.

அன்னிலேருந்து நனைக்காம நான் எந்த உலையையும் தொட்டதில்ல, மத்தவங்க கிண்டல் பண்ணாங்க, பண்ணட்டும். ரொம்பப் பின்னாடி ஒரு ஆபீசர் வந்து, நனைச்சுட்டுத் தான் பிரிக்கணும், மாஸ்க் போடணும், அந்தப் பொடி நுரையீரலைக் கெடுத்துடும், வெல்லம் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. உசுரோட இருந்தவரைக்கும் தெரிஞ்சதைக் குடுத்தார் மனுஷன். போனப்புறம் தான் சரியானது தெரிஞ்சிருக்கு, அதையும் குடுக்க வந்திருக்கார். இன்னிக்கும் மாடி ஏறினா எனக்கு மூச்சு வாங்குறதில்ல, பொறந்த பொண்ணுக்குக் கல்யாணமும் பண்ணிப் பாத்துட்டேன். எல்லாம் அவர் புண்ணியம்.

போன கிறிஸ்மஸுக்கு வீட்டை வெள்ளையடிக்கலாம்னு பழைய சுவரை நனைக்க மறந்து, அப்படியே சுரண்ட ஆரம்பிச்சேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. அடுப்படியிலேருந்து ஸ்டெல்லா, பாவுவைக் கண்ணால கூடப் பாக்காதவ, கேக்குறா:

"ஏங்க, யாருங்க அது, உங்க பின்னாடி நின்னு இருமுறது?"