வெள்ளைக் காலுறைக்கு வழிவிட்டவன்

போன வாரம் சிரம்பான் பேரங்காடிக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போன இடத்தில், முழங்கால் வரை இழுத்துவிடும் வெள்ளைக் காலுறைகள் ஒரு கூடையில் குவிந்து கிடந்தன. பந்து விளையாடும் பிள்ளைகளுக்காம். என் கால் தானாக ஓரடி பின்னால் போனது. அறுபதைத் தாண்டிய மனுஷன், காலுறைக் கூடைக்கு வழிவிடுகிறேன். என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

விஷயம் இதுதான். ரந்தாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக் காலுறை போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை, இன்னொருவர் ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி. அவர்கள் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுத்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, அவர்கள் கடந்து போகும்வரை ஓரமாக நிற்க வேண்டும். துரையாவது தலையை ஆட்டுவார். கிராணி, வயிறு சரியில்லாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போவார். சம்பளத்தில் பாதியை அந்தக் காலுறைக்குக் கஞ்சி போடவே செலவழித்தாரோ என்னவோ.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு இருபது வயது இருக்கும்போது, கோலாலம்பூரில் ஒரு மோட்டார் சாமான் கடையிலிருந்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. ஒருநாள் லீவு கேட்டுக் கிராணி முன்னால் நின்றேன்.

"கோலாலம்பூர்ல ஒன்ன நாக்காலி போட்டு உக்கார வப்பாங்களா? போய்ட்டு வாடா. நாளன்னைக்குப் பெரட்டுல இங்கதான்லா நிப்ப."

பெரட்டு என்பது விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அந்த வேலை கிடைக்காவிட்டால் சாகும்வரை எனக்கு அந்த வரிசைதான், அந்த முகம்தான்.

நேர்காணல் இரண்டு மணிக்கு. தோட்டத்து உடம்பு நாலு மணிக்கே எழுந்துவிட்டதால் எட்டு மணிக்கெல்லாம் பட்டணத்தில் இறங்கி, ஒருவரையும் தெரியாமல் நடந்தேன். இரண்டு ஆறுகள் கூடும் இடம் என்று பள்ளியில் வாத்தியார் உருகியிருந்தார். போய்ப் பார்த்தால், எங்கள் ரப்பர் ஆலைக் கழிவு வாய்க்கால் அதைவிடச் சுத்தம். ஒரு கடையில் சோறு கேட்டேன். சின்னக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்துவிட்டுப் போனான், எங்கள் பூனைக்கே காணாது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். துவைத்த சட்டைதான் போட்டிருந்தேன். மரத்தில் காய்ந்துபோகும் ஒட்டுப்பாலின் நாற்றம் சோப்புக்கெல்லாம் மசியாது.

உச்சி வெயிலில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் மாட்டிக்கொண்டேன். அரைக்கால்சட்டை, தொப்பி, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. துரை இல்லாவிட்டால் கிராணி, எப்படியும் பெரிய ஆள். நடைபாதையிலிருந்து தார் ரோட்டில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் கடக்கட்டும் என்று நின்றேன். அவர் கடக்கவில்லை. நானும் நகரவில்லை. தார் கொதித்தது. கால் மாற்றிக் கால் மாற்றி, கால் மணி நேரமாவது நின்றிருப்பேன்.

கடைசியில் பெரிய ஆள் வாயைத் திறந்தார். "டேய், எந்தத் தோட்டம்டா நீ?"

"ரந்தாவ் பக்கங்க ஐயா."

"நான் கெமாஸ் பக்கம். செருப்ப மாட்டுடா வெக்கங்கெட்டவனே! நான் கதவு தொறக்குற ஆளுலா."

பாதம் சுட்டதைவிட அது அதிகமாகச் சுட்டது. இத்தனை வருஷமும் மனுஷனுக்காக நிற்கவில்லை, ஒரு ஜோடி துணிக்காக நின்றிருக்கிறேன். கொப்பளித்த காலோடு கடைக்குப் போனேன். முதலாளி நிமிர்ந்து பார்ப்பதற்குள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலையும் கிடைத்தது.

பதினைந்து வருஷத்தில் அங்கேயே மேலாளர் ஆனேன், எனக்கென்று தனி அறை. ஒருநாள் அதன் வாசலில் கிராணி வந்து நின்றார். தோட்டத்தை விற்றுவிட்டார்களாம், மகனுக்கு ஒரு வேலை வேண்டுமாம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார். என்னை "ஐயா" என்றார். எனக்கு எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே ஒரு காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மகனுக்கு வேலை கொடுத்தேன். அதைச் சொல்லி யோக்கியனாகிவிட முடியாது.

இப்போது தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட இல்லை. பெரட்டு நின்ற இடத்தில் யார் யாருடைய கார்களோ நிற்கின்றன. துரை ஊருக்குப் போய்விட்டார், கிராணி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தோட்டத்து மனுஷனை நிற்கவைத்துப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான்.