மூடுபனியில் உள்ளே போனவர்

வெர்லீன் டாக்கெட் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கிழக்கு டெக்சாஸின் பைன் காடுகளுக்கு நடுவே, செம்மண் பாதைகளில். அவள் கணவன் ராய்ஸ் மரம் அறுக்கும் ஆலையில் இருந்தான். ஆலையை மூடியதும் வீட்டை விற்று, இழுத்துப்போகும் ட்ரெய்லர் வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு இருவரும் தெற்கே எண்ணெய்க் கிணறுகள் பக்கம் வந்துவிட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் கிடைத்த வேலை, கேட் காவல்.

நெடுஞ்சாலையை விட்டு ஒரு பண்ணைப் பாதை பிரியும். அந்த இடத்தில், மேட்டின் மேல் ஒரு கேட். கேட்டை ஒட்டி அவர்கள் ட்ரெய்லர், ஒரு ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி. பாதையின் குறுக்கே ரப்பர் குழாய் ஒன்று கிடக்கும். எது அதை மிதித்தாலும் ட்ரெய்லருக்குள் மணி அடிக்கும். உடனே வெளியே வந்து, யார், எந்த வண்டி, எத்தனை பேர், எப்போது உள்ளே, எப்போது வெளியே என்று பேரேட்டில் எழுத வேண்டும். இரவு ராய்ஸ், பகல் வெர்லீன். அவன் தூங்கப் போகும்போது இவள் காபி போடுவாள். ஒரே படுக்கையில் இருவரும் சேர்ந்து படுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கிணறு அங்கிருந்து ஒன்றரை மைல், பள்ளத்தில். நடுவில் முள்காடும் சப்பாத்திக்கள்ளியும்தான்.

ஜனவரி மாத வியாழக்கிழமை ஒன்றில்தான் அந்தப் பெரியவர் முதலில் வந்தார். மூடுபனி கேட்டின் மறுகம்பத்தைக்கூடக் காட்டவில்லை. மணி அடித்தது. வெள்ளை நிறப் பழைய பிக்கப் வண்டி. உள்ளே இஸ்திரி போட்ட சட்டையும் நார்த்தொப்பியுமாக, எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்.

"பேரு சொல்லுங்க ஐயா."

"எவரிஸ்தோ கந்தூ. உள்ள எங்க குடும்பத்துக் கல்லறை இருக்கும்மா. போயிட்டு வரேன்."

டெக்சாஸ் சட்டப்படி நிலம் எவன் கைக்கு மாறினாலும் கல்லறைக்குப் போகிறவனைத் தடுக்க முடியாது. அவள் எழுதிக்கொண்டாள். உள்ளே: ஏழு நாற்பது. ஒருவர்.

அவர் வெளியே வரவில்லை.

மாலை ராய்ஸிடம் சொன்னாள். நான் மணியைக் கேட்காமல் இருந்திருப்பேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அடுத்த வியாழனும் அதே பனி, அதே நேரம், அதே சட்டை. உள்ளே போனார். வெளியே வரவில்லை. மூன்றாவது வியாழன் அவள் சாப்பிடக்கூட நகரவில்லை. நாற்காலியைப் பாதையிலேயே போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றும் அப்படித்தான்.

"உனக்கு மட்டும்தான் தெரியுறாரு போல," என்றான் ராய்ஸ் மறுநாள் காலை, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "அடுத்த வாட்டி வந்தா என்னை எழுப்பு. எனக்கு ஒரு லாட்டரி நம்பர் கேட்டு வாங்கணும்."

கிணற்றுக்குப் பொறுப்பாளன் பிளெவின்ஸ். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவனிடமும் கேட்டாள்.

"கந்தூவா? மிஸ் வெர்லீன், அந்தக் கல்லறைய நானே பாத்திருக்கேன். கம்பி வேலிக்குள்ள அஞ்சாறு கல்லு. பெரிய கல்லுல அந்தப் பேருதான் செதுக்கியிருக்கு. எவரிஸ்தோ கந்தூ. செத்து எழுபது வருஷம் ஆவுது." சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான். "தனியா ரொம்ப நேரம் உக்காராதீங்க!"

அன்று அவள் மூன்று பேரேட்டுப் பக்கங்களையும் விரித்து வைத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். பேனா அழுத்தம்கூட அவளுடையதுதான். சொந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

நான்காவது வியாழன். இலை அசையாத பனி. ஏழு நாற்பதுக்கு மணி அடித்தது.

இந்த முறை அவள் வண்டியின் ஜன்னலருகே நெருங்கிப் போனாள். பெரியவர் ஒரு காகிதப் பையை நீட்டினார். அதில் சர்க்கரை ஓடு படிந்த இனிப்பு ரொட்டி.

"தினமும் இந்தக் குளிர்ல நிக்கிறீங்களே. சாப்பிடுங்கம்மா."

வாங்கும்போது விரல்கள் பட்டன. சில்லென்று இருந்தன. கேள்வி தொண்டை வரை வந்தது; நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? வண்டி பனிக்குள் போனது. சத்தம் தேய்ந்தது. அவ்வளவுதான்.

ஒன்பதரை இருக்கும். ஏதோ குறைகிறது என்று அவளுக்குப் பட்டது. என்னவென்று தெரியக் கொஞ்ச நேரமானது. புறாக்கள். விடிந்தால் நிறுத்தாமல் கூவுகிற முள்காட்டுப் புறாக்களில் ஒன்றுகூடக் கூவவில்லை.

அப்போது மணி அடித்தது. வெளியே வந்தாள். வண்டி இல்லை. மறுபடி அடித்தது. மறுபடி. ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத பாதையில், குழாயை எதுவோ மிதித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு பசுவின் முகம் வந்தது. பின்னால் இன்னொன்று. பள்ளத்தில் மேய்கிற மொத்த மந்தையும் வரிசையாக மேடேறி வந்திருந்தது. கத்தவில்லை, முட்டிக்கொள்ளவில்லை. கேட்டருகே வந்து நின்று அவளையே பார்த்தன.

லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தது. சற்று நேரத்தில் அது நின்றுபோனது.

வேலைக்குச் சேர்ந்த அன்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள்: சில கிணறுகளில் விஷவாயு வரும், காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். நாற்றம் நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதே, மூக்கு செத்துவிட்டது என்று நினை. அவள் கழுத்துப்பட்டியில் மாட்டியிருந்த சின்னக் கருவி அந்த நொடியே கீச்சிடத் தொடங்கியது. பள்ளத்திலிருந்து சங்கும் ஊதியது.

"ராய்ஸ்! எந்திரி! செருப்பு வேணாம், வா!"

நெடுஞ்சாலைக்கு மறுபுறம், இன்னும் உயரமான இடத்தில்தான் எல்லோரும் கூட வேண்டும். வெர்லீன் பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். இரவு உடையோடு ராய்ஸ் பின்னால். கிணற்று வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிளெவின்ஸ் தலைகளை எண்ணினான்.

"பதினாலு. எல்லாரும் வந்தாச்சு. கடவுள் காப்பாத்தினாரு."

"பதினஞ்சு," என்றாள் வெர்லீன்.

"மேடம், என் ஆளுங்க பதினாலு பேருதான்."

"உன் ஆளுங்கள நான் சொல்லல. ஏழு நாப்பதுக்குக் கந்தூ உள்ள போனாரு."

ஒருவன் நெஞ்சில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டான்.

"செத்தவனுக்காக உயிரோட இருக்கிறவன உள்ள அனுப்பச் சொல்றீங்களா?" என்றான் பிளெவின்ஸ்.

பேருந்து ஓட்டிய காலத்தில், பயணம் முடிந்ததும் வெர்லீன் கடைசி இருக்கை வரை நடந்து பார்ப்பாள். ஒரே ஒரு நாள் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பெண் இருக்கைக்கடியில் தூங்கிப்போயிருந்தாள். பூட்டிய பேருந்தில் டிசம்பர் குளிரில் இரண்டு மணி நேரம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை கண்ணாடியில் கை வைத்து நின்ற கோலத்தை வெர்லீன் ராய்ஸிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அவள் கோட்டுப் பையிலிருந்து பாதி தின்ற ரொட்டியை எடுத்து பிளெவின்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இத எனக்கு யாரு குடுத்தா? சொல்லு! செத்தவன் பேக்கரிக்குப் போவானா?"

பாதுகாப்புக் குழுவில் இருந்த நாச்சோ என்கிற குள்ளமான ஆள் அந்த ரொட்டியை உற்றுப் பார்த்தான். "இது எங்க ஊரு பேக்கரியோடது," என்றான் மெதுவாக. காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டினான். அவன் கூட்டாளியும் மாட்டிக்கொண்டான். "முப்பது நிமிஷக் காத்து இருக்கு. கல்லறை வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."

அவர்கள் வண்டியைப் பனி விழுங்கியது. ராய்ஸ் தன் வெறுங்கால்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்திருந்தான். "வெர்லீன், நீ சரியாத்தான் எழுதியிருப்ப," என்றான். அங்கே யாரும் இல்லாமல் போனால் தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாவது நிமிடம் வண்டி வந்தது. பின்புறத்தில் முகமூடி மாட்டப்பட்டுக் கிடந்தார் பெரியவர். தொப்பி இல்லை. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சான் அன்டோனியோ ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். பிழைத்துவிட்டார். வெர்லீனும் ராய்ஸும் போய்ப் பார்த்தார்கள். கல்லில் இருந்தது அவர் அப்பா பெயர். அதே பெயரைத்தான் மகனுக்கும் வைத்திருந்தார். பக்கத்திலேயே டிசம்பரில் அடக்கம் செய்த அவர் தம்பி. பண்ணையின் பின்பக்கம் பழைய கேட் ஒன்று இருந்தது. அதற்கு அவரிடம் சிறு வயதிலிருந்தே சாவி. அந்த வழியாகத்தான் வீடு திரும்புவாராம்.

"அப்ப வர்றப்பவும் அந்த வழியாவே வரலாமே ஐயா?" என்றான் ராய்ஸ்.

"அடுத்தவன் நிலத்துக்குள்ள போறப்ப சொல்லிட்டுத்தான் போகணும். திரும்பறப்ப எதுக்குச் சொல்லணும்?"

பிறகு வெர்லீனைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு இருட்டிடுச்சும்மா. எந்தப் பக்கம் மேடுன்னே தெரியல. உங்க மணிதான் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தத்தப் பாத்துத் தவழ்ந்தேன்."

அவரைக் கண்டெடுத்த இடம் கல்லறையிலிருந்து நூறு அடி மேலே என்று நாச்சோ முன்பே சொல்லியிருந்தான். அந்த நூறு அடிதான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் மணி இருந்தது ட்ரெய்லருக்குள், மூடிய கதவுக்குப் பின்னால், ஒரு மைலுக்கும் அப்பால். பத்தடி தள்ளித் தூங்கிக்கொண்டிருந்த ராய்ஸுக்கே அது கேட்டிருக்கவில்லை.

மார்ச்சில் அந்தக் கிணற்று வேலை முடிந்து, வேறு கேட்டுக்கு மாற்றினார்கள். அது சமவெளி, நல்ல காற்று. ஆனாலும் பனி இறங்கும் காலைகளில் ராய்ஸ் தன் நேரம் முடிந்த பிறகும் படுக்கப் போவதில்லை. இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டு, பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பான்.