காபிதானே என்று குடித்தேன்

கண் மஞ்சளாவதற்கு முன்பே சிறுநீர் மஞ்சளானது. ராஜபாளையம் வெயிலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு அரிப்பு. முதுகைச் சீப்பால் சொறிந்தேன். மில் ஆபீஸில் பக்கத்து சீட்டு அண்ணன் உற்றுப் பார்த்து, "ஏலே, கண்ணுல என்ன மஞ்சத்தண்ணிய ஊத்திருக்க?" என்ற பிறகுதான் கண்ணாடி பார்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் கழிவு) ஏறிக்கொண்டே போனது. கிருமிச் சோதனைகளில் ஒன்றும் இல்லை. ஸ்கேனும் சுத்தம். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதில் தாமதத்தைக் காட்டும் சோதனை) இன்னும் கூடினால் கல்லீரல் கைவிடுகிறது என்று பொருள், மதுரைக்கு அனுப்பிவிடுவோம் என்றார் டாக்டர்.

"மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது?"

"இல்ல சார்."

"தண்ணி?"

"சத்தியமா இல்ல."

அவர் போனதும் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தார். "ஏலே, உண்மையச் சொல்லு. எம்புட்டு நாளா குடிக்க?"

"பீர் பாட்டில மோந்துகூடப் பாத்ததில்லப்பா."

"மோந்து பாக்காதவனுக்கு ஈரல் எதுக்குலே கெடுது?"

மறுநாள் காலை அம்மா ஃபிளாஸ்கோடு வந்தாள். "ஆஸ்பத்திரி காபி ஒனக்கு எறங்காதுல்ல. ஒன் பொடியப் போட்டே கலக்கிக் கொண்டாந்துருக்கேன்."

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நின்றுவிட்டார். "என்ன பொடி?"

ஆன்லைனில் வாங்கிய காளான் காபி. மனசு லேசாகுமாம். செல்போனில் டப்பா படத்தைப் பெரிதாக்கி வாசித்தார். காளானோடு அஸ்வகந்தா (அமுக்கராக் கிழங்கு) சாறும் இருந்தது. காபி என்பதால் அதை மருந்துக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

"சிலருக்கு அமுக்கரா ஈரலத் தாக்கும். இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, நிறுத்திப் பாப்போம். ஆமா, எதுக்குக் குடிச்ச?"

ஐ.என்.ஆரை விட அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"நெஞ்சு படபடங்கும் சார். ஆபீஸ் கேட்டப் பாத்தாலே."

"வாசம் நல்லாருக்கும்மான்னுல்ல எங்கிட்ட சொன்ன?" அம்மா ஃபிளாஸ்கை என்னிடமிருந்து தள்ளி வைத்தாள். அப்பா கம்பியை விட்டுவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை ஐ.என்.ஆர். ஏறாமல் நின்றது. அடுத்த சோதனையில் இறங்கியது. மதுரை வேண்டாம் என்றார்கள்.

நீங்களும் இப்படி ஏதாவது குடித்தால் டாக்டரிடம் டப்பாவோடு போங்கள். பொடி, டீ, மிட்டாய், எந்த வேஷத்தில் வந்தாலும் சொல்லிவிடுங்கள். எதற்காகக் குடிக்கிறீர்கள் என்பதையும்.

மஞ்சள் முழுதாக வடிய மாதங்கள் ஆயின. என் அவசரம் கல்லீரலுக்குப் புரியவில்லை. படபடப்புக்கு மனநல டாக்டரைப் பார்க்கிறேன். அவரும் மெதுவாகத்தான் போகச் சொல்கிறார். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தால் இப்போது வீட்டில் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா டிவியை அணைப்பார். அம்மா அடுப்படியை விட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். அது அடித்து ஓயும்வரை அப்படியே இருப்போம். யாரும் மணி பார்ப்பதில்லை.