சித்தியைத் தோற்கடிக்கப் போன ஞாயிறு

அந்தக் கோடை விடுமுறையில் என் விரல்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில், பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில், தூங்குகிற அம்மாவின் முதுகில் என்று எங்கும் டைப் அடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் மாமாவின் வேலை. கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பவர் அவர். அப்போது தமிழுக்குப் புதிதாக ஒரு கீபோர்டு முறை வந்திருந்தது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் வலது கைக்கு. பழைய டைப்ரைட்டர் முறையைப்போல அடிக்கடி ஷிப்ட் அழுத்த வேண்டாம். "சின்னக் கொழந்தகூட ஒரே மாசத்துல கத்துக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த மாமாவுக்கு ஒரு சின்னக் குழந்தை தேவைப்பட்டது. ஐந்தாவது முடித்திருந்த நான் அகப்பட்டேன்.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடையில், கம்ப்யூட்டரில் பழைய முறையில் டைப் அடித்தாள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் அடிப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஷிப்ட் அழுத்தும் சுண்டுவிரலில் தைலம் தேய்ப்பாள். அது மடங்காமல் விறைத்து நிற்கும். கடையில் மட்டும் மூச்சுவிட மாட்டாள். கை வலிக்கிறது என்று சொன்ன ஒருத்தியை முதலாளி ஏற்கெனவே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

மாமா அந்த முதலாளியிடம் பேசிப் பேசி ஒரு போட்டிக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். நான் புதிய முறையில், சித்தி பழைய முறையில். நான் சித்தியை நெருங்கினாலே போதும், எல்லா மெஷினையும் புதிய முறைக்கு மாற்றி, எல்லோருக்கும் கற்றுக்கொள்ள அவகாசமும் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு நெருங்குவது போதாது, ஜெயிக்க வேண்டும். மாமாவும் வேகம் வேகம் என்றுதான் பேசினார். கைக்கு எது சுகம் என்று யோசித்தது அந்த வீட்டில் சித்தி ஒருத்திதான்.

ஞாயிறு காலை சித்தியே எனக்குத் தலை பின்னினாள். என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். எதிரிக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று இருந்தது.

கடையில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த என்னைப் பார்த்து முதலாளி சிரித்தார். "இன்னாப்பா, காலே தரைல எட்டல, இது டைப் அடிக்குமா?"

"பாத்துட்டுப் பேசு நைனா" என்றார் மாமா.

என் பாடப்புத்தகத்தை வைத்துத்தான் மாமா பழக்கியிருந்தார். முதலாளியோ மேஜைமேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். முதல் வரியிலிருந்தே ஸ்ரீயும் ஜாவும் ஷாவும். அந்த எழுத்துகளுக்குப் புதிய முறையிலும் ஷிப்ட் உண்டு. மாமா அதைச் சொல்லித்தரவே இல்லை. முதல் சொல்லிலேயே நான் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் சடசடவென்று ஓடிய சித்தியின் கைகள் திடீரென்று மெதுவாயின. "என்னியே பாத்துகினு இருக்காதடீ. அடி, அடி" என்றாள் கீழ்க்குரலில். கேலி செய்கிறாள் என்று எனக்கு ஆத்திரம்.

"இன்னாம்மா, கை இழுக்குதா?" என்றார் முதலாளி.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

சடசடப்பு மறுபடி வேகமெடுத்தது. நான் மணமகளின் பெயருக்கு வருவதற்குள் சித்தி பத்திரிகையையே முடித்துவிட்டாள்.

முதலாளி கைதட்டினார். "நல்லா ஓடற வண்டிய எதுக்குப்பா பிரிச்சுப் போட்டுகினு? இதே இருக்கட்டும்." மாமா பத்திரிகையின்மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

கோயில் குளத்தை ஒட்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். சித்தியின் கண்கள் கலங்கியிருந்தன. ஜெயித்தவளுக்கு என்ன அழுகை என்று எனக்கு இன்னும் எரிந்தது.

"அடுத்த வாட்டி உன்னைத் தோக்கடிக்கறேன் பாரு."

"தோக்கடிச்சுடுடீ கண்ணு. சீக்கிரமா தோக்கடிச்சுடு."

ஜெயித்த திமிர் என்று நினைத்து, அவள் பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.